தெற்குச் சுவரின் சின்ன ஜன்னல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தெற்குச் சுவரின் கடைசிப் பலகையில் கடைசி ஆணியை அடித்துவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கினேன். சுவர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கீழிருந்து மேலே ஒன்றின் விளிம்பை ஒன்று மூடிக்கொண்டு பதினெட்டு வரிசை, ஒரு வரிசைகூடக் கோணவில்லை. ஆனால் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்குக் கிடைத்தது ஒன்றரை நிமிஷம். அதற்குள் போனில் சேதி வந்துவிட்டது.

கட்டட வேலையைச் சோதிக்க வருகிற கவுன்சில் ஆள்தான். “குளியலறை ஜன்னல் டேப் படம் இன்னும் வரலியே ரொவீனா. திங்கக்கிழமை பெயின்டர் வர்றதுக்குள்ள அனுப்பிடு.”

செவ்வாய்க்கிழமை அவர் நேரில் வந்து மற்ற ஜன்னல்களை எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். குளியலறை ஜன்னல் மட்டும் அளவு தப்பி வந்து திரும்பிப் போயிருந்தது. இதற்கு டேப்பை நீயே ஒட்டிப் படம் எடுத்து அனுப்பு, உன் வேலை எனக்குத் தெரியாதா என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ஜன்னல் வந்தது. அன்றைக்கே மாட்டினேன். வெள்ளிக்கிழமை பலகை அடித்து மூடியாகிவிட்டது.

போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். புதன்கிழமை என் நாய் இருந்தது. வெள்ளிக்கிழமை கூட வேலை செய்கிற கெரே வாய் நிறைய ரொட்டியோடு இருந்தான். நடுவில் வியாழக்கிழமை என்று ஒன்றுமே இல்லை.

சரி, படம் எடுக்க மறந்துவிட்டேன். அதனால் என்ன, டேப் ஒட்டியிருப்பேனே என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியில்தான் சந்தேகம் தட்டியது. ஒட்டினேனா?

டேப் என்றால் சாதாரண விஷயம் இல்லை. ஜன்னலைச் சுற்றி எவ்வளவு அடைத்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் அடியில் இருக்கும் மரக்கட்டையில் இறங்காமல் வெளியே வழிந்துவிட வேண்டும். அதற்காகக் கட்டையின் மேலும், இரண்டு மூலையிலும் ஒரு சாண் உயரத்துக்கும் அந்தப் பிசின் டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகுதான் ஜன்னல். ஒரு மூலை விட்டுப்போனால் முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. பத்தாவது வருஷம் கட்டையில் விரலை வைத்தால் ஊறிய ரொட்டியில் போகிற மாதிரி உள்ளே போகும். அதுவும் இது தெற்குச் சுவர். நாட்டின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ரிவர்ட்டனில் மழையும் குளிரும் கடலைத் தாண்டித் தெற்கிலிருந்துதான் வந்து அறையும்.

“என்ன பாஸு, மூஞ்சி இப்படி இருக்கு? மாமா செத்தது எனக்குத்தான்” என்றான் கெரே. அவன் முழுப்பெயர் கெரியாமா. பதினஞ்சு வருஷமாக என்னோடு வேலை செய்கிறவன். புதன், வியாழன் இரண்டு நாளும் அவன் மாமா சாவுக்காகப் பிளஃப் ஊரில், அவர்கள் வழக்கப்படி உடலுக்குத் துணையாக, சொந்தக்காரர்களோடு மண்டபத்தில் படுத்திருந்தான். ஆகையால் வியாழக்கிழமை நான் தனியாள். சாட்சி சொல்ல நாதியில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

“உன் கை தானா ஒட்டியிருக்கும். ஐநூறு ஜன்னல் மாட்டின கை அது. உன்னைக் கேட்டுட்டா செய்யும்?”

“ஞாபகம் வரலடா.”

“எனக்குக் கல்யாண நாளே ஞாபகம் வரமாட்டேங்குது. அதுக்காகக் கல்யாணம் ஆகலேன்னு ஆயிடுமா? சமையலறை ஜன்னல் படம் இருக்குல்ல, அதை அனுப்பிவிடு. அதே டேப்பு, சுவத்துல சுத்தின அதே கறுப்புத் தாளு. எல்லா ஜன்னலும் அடியில ஒரே மூஞ்சிதான்.”

“வாயை மூடு.”

“சரியா இருக்கும், விடு” என்று சொல்லிவிட்டு அவன் சாமான்களை எடுத்து வண்டியில் போட ஆரம்பித்தான். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்த ‘சரியா இருக்கும்’தான் வேதம். நானும் அதைச் சொல்லித்தான் பிழைத்திருக்கிறேன்.

உள்ளே இருந்து பார்க்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. ஜன்னலுக்கும் கட்டைக்கும் நடுவில் இறுகிக் கெட்டியாகும் நுரை அடித்து அடைத்தாகிவிட்டது. வெளியே பலகை. பலகையை ஆணி பிடுங்கிக் கழற்றி மறுபடி மாட்டவும் முடியாது, மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஜன்னலின் இரண்டு பக்கமும் பலகைகளின் படிப்படியான ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்தும்படி வாள் பல் மாதிரி வெட்டி மாட்டிய ஓரச்சட்டம் வேறு. அதை வெட்டவே எனக்கு அரை நாள் போயிற்று. பாதி வழியில் வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கலாம். இதற்கு என்ன செய்வது?

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரி பெயர் ஐலீன். அறுபத்தஞ்சு வயது இருக்கும். ஆக்லாந்தில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. கட்டிய பன்னிரண்டாம் வருஷம் சுவருக்குள் ஈரம் ஏறி, கட்டை உளுத்து, வாங்க ஆளில்லாமல் மண்ணின் விலைக்கு விற்றார்கள். கடைசி இரண்டு வருஷம் அந்த ஈரத்திலேயே குடியிருந்தார்கள். கணவருக்கு நெஞ்சுச் சளி, அப்புறம் அவர் போய்விட்டார். அந்த வீடுதான் அவரைக் கொன்றது என்று ஐலீன் ஒருநாளும் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டது. இப்போது மனையின் ஓரத்தில் ஒரு கேரவனில், சக்கரம் வைத்த வண்டி வீட்டில், இருந்துகொண்டு, நான் அடிக்கிற ஒவ்வொரு ஆணியையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாதத்திலிருந்து இதே வேலை. ‘இது என்ன’, ‘அது எதுக்கு’, ‘அங்க இடைவெளி இருக்கலாமா’. சாரத்தின் மேல் நமக்குப் பின்னால் ஒருத்தர் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை கெரே இல்லை. ஜன்னல் லேட். காற்று வேறு, சுவரின் கறுப்புத் தாளைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல. நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அப்போது ஏணியில் ஏறி வந்து, “ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “இருபத்திரண்டு வருஷமா வீடு கட்டுறேன். ஒவ்வொரு ஆணிக்கும் உங்களுக்கு போஸ் குடுத்துட்டிருந்தா எப்ப வீடு முடியும்? நம்பிக்கை இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க. இருந்தா கீழ இறங்குங்க” என்று கத்தினேன். பக்கத்து மனையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். ஐலீன் போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி இறங்கினாள். நான் அதே சூட்டோடு ஜன்னலைத் தூக்கி மாட்டினேன். கத்தியது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. கத்தியதற்கும் மாட்டியதற்கும் நடுவில் கை என்ன செய்தது என்பது மட்டும் இல்லை.

சனிக்கிழமை முழுக்க நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. காலையில் வண்டியில் கிடந்த டேப் சுருளை எடுத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தேன். அதே சுருளில் போன வாரம் இன்னொரு இடத்திலும் வெட்டியிருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணை மூடி நின்று கட்டைவிரலால் தேய்ப்பதை நினைத்துப் பார்த்தேன். தேய்த்தது ஞாபகம் வந்தது. அது குளியலறையா, படுக்கையறையா, போன வருஷம் ஒரேபூக்கியில் கட்டிய வீடா என்று பிரிக்க முடியவில்லை. நாயை இரண்டு தடவை கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அது எழுந்திருக்கவே இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்குச் சமையலறை ஜன்னல் படத்தைக் கவுன்சில் ஆளுக்கு அனுப்பிவிட்டேன். ‘குளியலறை’ என்று எழுதி அனுப்பினேன். ரக்பி மைதானத்திலிருந்து அவர் ஒரு கட்டைவிரல் படம் பதிலாகப் போட்டார். முடிந்தது. இனி இந்த உலகத்தில் ஒருத்தரும் அந்த ஜன்னலைப் பற்றி என்னைக் கேட்கப் போவதில்லை.

அப்போதாவது நிம்மதி வரவேண்டும், இல்லையா? வரவில்லை. அதுவரைக்கும் மறந்தவளாக இருந்தேன். அதற்கப்புறம் திருடியாக இருந்தேன். அடுப்பில் வைத்த சூப் தீய்ந்தது. தம்பி போன் பண்ணினான், அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் மண்டையில் உறைத்தது. என்னிடம் படம் இல்லாவிட்டால் என்ன, ஐலீனிடம் இருக்குமே. கீழே இறங்கிய பிறகு தரையில் நின்றாவது ஒன்று எடுத்திருப்பாள். அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் போதும். ஆனால் எதற்கு என்று சொல்லாமல் கேட்க வேண்டும். சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள்.

கேரவனுக்குள் டோஸ்டர் வாசனையாக இருந்தது. ஐலீன் ரொட்டித் துண்டில் சீஸைச் சுருட்டிச் சீஸ் ரோல் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“வா ரொவீனா. ஞாயித்துக்கிழமையில என்ன? மறுபடி கீழ இறங்கச் சொல்லத்தான் வந்தியா?”

“நாளைக்குப் பெயின்டர் வர்றாரு. சுவரோரம் இருக்கிற தொட்டிங்களைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். அதான்.”

“அதுக்கா இவ்வளவு தூரம் வந்த? உக்காரு. சாப்பிடு.”

ஒன்று எடுத்தேன். எடுத்துக்கொண்டே, “அப்புறம், வியாழக்கிழமை நீங்க எடுத்த படம் ஏதாவது இருந்தா எனக்கும் அனுப்புங்க. என் ஃபைலுக்கு வேணும்” என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

“வியாழக்கிழமைக்கு அப்புறம் நான் படமே எடுக்கலியே.”

“ஏன்?”

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். “அன்னிக்கி இங்க வந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் யோசிச்சேன். ஆக்லாந்துல கட்டுன அந்த ஆளு இருக்கானே, அவன் ஒருநாள்கூட என்கிட்ட கோவப்பட்டதில்ல. எதைக் கேட்டாலும் சிரிப்பான். கவலைப்படாதீங்க, சரியா இருக்கும்னுவான். நீ கத்துன. தன் வேலை மேல அவ்வளவு உறுதியா இருக்கிறவதான் அப்படிக் கத்துவான்னு எனக்குத் தோணுச்சு. என் பொண்ணுகிட்டயும் போன்ல சொன்னேன். இந்தத் தடவை பக்கத்துல நின்னு காவல் காக்க வேண்டாத ஒருத்தி கிடைச்சிருக்கான்னு. மூணு ராத்திரியா நல்லாத் தூங்குறேன்.”

கையிலிருந்த சீஸ் ரோலைத் தின்று முடித்தேன். “நல்லது” என்றேன். தொட்டிகளை நானே தள்ளி வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

பாலம் வரைக்கும் போனேன். காற்று தெற்குக்குத் திரும்பியிருந்தது, ஆற்றுமுகத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கொப்பளித்தது, சாயங்காலத்துக்குள் மழை. என்னை நானே திட்டிக்கொண்டேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. இருபத்திரண்டு வருஷமாகக் கோபக்காரி என்று பெயர் வாங்கியது இதற்குத்தானா? என் கோபத்தை ஒருத்தி உறுதி என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். பாலத்தின் நடுவில் வண்டியைத் திருப்பினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

கெரேவைக் கூப்பிடவில்லை. குட்டிக் கடப்பாரை, உளி, சுத்தியல், புது டேப் சுருள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினேன். முதலில் வாள் பல் ஓரச்சட்டம். உளியை வைத்து ஒரே அடி. அரை நாள் வேலை இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. அப்புறம் ஜன்னலுக்கு அடியில் இருந்த பலகை. நீளவாக்கில் பிளந்து, கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது ஆணிகள் கீச்சிட்டன.

அந்தச் சத்தத்துக்கு ஐலீன் வெளியே வந்துவிட்டாள்.

“என்ன பண்ற?”

“திறக்கிறேன்.”

“யாரு திறக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல.” திரும்பிப் பார்க்காமல் பேசலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. திரும்பினேன். “இந்த ஜன்னலுக்கு அடியில டேப் ஒட்டினேனா இல்லியான்னு எனக்கு ஞாபகம் இல்லைங்க.”

“ஒட்டியிருக்கியா, இல்லியா?”

“தெரியல.”

“தெரியலியா?”

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவள் முகம் அப்படிப் போயிருக்காது. கீழே விழுந்து கிடந்த பலகைத் துண்டைக் காலால் தள்ளினாள். பிறகு, “ஆக்லாந்துக்காரனுக்கும் தெரியாமத்தான் இருந்திருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏணியைப் பிடித்தாள்.

“நீங்க ஏற வேணாம், காத்து அடிக்குது.”

“நீ பேசாத.”

இரண்டாவது பலகையையும் எடுத்தேன். நுரையைக் கத்தியால் அறுத்தேன். திருகாணிகளைக் கழற்றினேன். சின்ன ஜன்னல்தான், ஆனாலும் கண்ணாடி இரட்டை. வியாழக்கிழமை ஆத்திரத்தில் ஒற்றை ஆளாகத் தூக்கியது, இப்போது கை ஓடவில்லை. அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். மெல்ல வெளியே எடுத்துச் சாரப் பலகையில் சாய்த்து வைத்தோம்.

குனிந்து பார்த்தேன். இடது மூலை கச்சிதம். டேப் கட்டையின் மேல் மடிந்து, ஒரு குமிழிகூட இல்லாமல், விரல் தேய்த்த வரி வரியாகத் தெரிந்தது. கட்டையின் நீளத்துக்கும் அப்படியே ஒட்டியிருந்தது. வலது மூலைக்கு ஒரு கையளவு முன்னால் நின்றுவிட்டது. மீதி டேப், பின்பக்கத் தாள்கூட உரிக்காமல், சுருண்டு உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. அதற்கு அப்பால் வெறும் கட்டை.

எந்த இடத்தில் நான் கத்த வாய் திறந்தேன் என்பதை அங்கே அளந்து காட்டலாம்.

ஐலீன் அந்த வெறும் கட்டையில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

“இங்க இருக்கும்போதுதான் நான் வந்தேனா?”

“ஆமாங்க.”

“படம் எடுக்கட்டுமான்னு கேட்டேன்.”

“ஆமா. மன்னிச்சிடுங்க. அன்னிக்கிக் கத்துனதுக்கும் சேர்த்து.”

“கவுன்சில்காரர் இதைக் கேக்கலியா?”

இதையும் மறைத்திருக்கலாம். “கேட்டாரு. சமையலறை ஜன்னல் படத்தை அனுப்பிட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. “காலையில உக்காந்து என் கையால சாப்பிட்டியே. அப்பவும் இது தெரியும் உனக்கு.”

“தெரியும்.”

“இன்னிக்கி ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. அது உன்னாலதான்.”

“வேற நல்ல ஆளா ஒருத்தரைப் பாத்து நானே ஒப்படைக்கிறேன். இன்வர்கார்கில்ல ரெண்டு பேரைத் தெரியும். நாளைக்கே பேசறேன்.”

“வேற ஆளா?” என்றாள். “அவன் எதை மறப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? உன்னோடதாவது தெரிஞ்சுபோச்சு.”

முதல் மழைச் சொட்டு சாரப் பலகையில் விழுந்தது. திறந்து கிடந்த சுவரைப் பார்த்தேன். ஒட்டுவதென்றால் இப்போதே ஒட்ட வேண்டும், கட்டை நனைந்துவிட்டால் டேப் பிடிக்காது. போனை எடுத்து அந்த வலது மூலையை உள்ளபடியே படம் எடுத்துக் கவுன்சில் ஆளுக்கு அனுப்பினேன். ‘நேற்று அனுப்பியது வேறு ஜன்னல். இதுதான் குளியலறை. காலையில் கூப்பிடுங்கள்’ என்று எழுதினேன். அவர் இனிமேல் என் வேலையைத் தெரியும் என்று சொல்லமாட்டார்.

சுருண்டு கிடந்த துண்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதுச் சுருளிலிருந்து அளந்து வெட்டினேன். ஐலீன் தன் கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் மழைக்கு மறைப்பாக என் தலைக்கு மேல் பிடித்தாள். அதில் அன்பு எதுவும் இல்லை. கட்டை நனையக் கூடாது, அவ்வளவுதான். பின்தாளை உரித்தேன். மூலையில் மடித்தேன். பழைய டேப்பின் மேலேயே இடது மூலையிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்து வலது மூலைக்கு ஏற்றினேன். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன்.

அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

“இன்னொரு தடவை அழுத்து” என்றாள்.

அழுத்தினேன்.